மெசினக்கா வாசித்த மெட்டு

என்னிடம் ஒரு சேலைச் சட்டை இருக்கிறது. அதை உட்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனாலும் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். உள்ளே ஒரு நூல் தொங்காது, ஓர் ஓரம் பிசிறாது. இப்போது நான் இருக்கிற வவுனியாவிலும் நல்ல தையற்காரர்கள் இருக்கிறார்கள். புதுச் சட்டை கைக்கு வந்தால் முதலில் அதைப் புரட்டி உள்ளே பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வருவேன். இந்தக் கெட்ட பழக்கம் தர்மபுரத்தில் இருந்த காலத்தில் என்னைத் தொற்றியது.

தர்மபுரத்தில் பெரிய வீதியிலிருந்து வாய்க்கால் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் அந்தச் சட்டையைத் தைத்தவருடைய வீடு. முன் விறாந்தையில் ஒரு தையல் மெசின், ஒரு மேசை, ஒரு கதிரை. அதுதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஊர் அவரை மெசினக்கா என்றே கூப்பிட்டது. அவரைவிட மூத்த பெண்கள்கூட அப்படித்தான். கோயிலில் அர்ச்சனை செய்யும்போது ஐயர் ஒரு கணம் நின்று யோசித்துத்தான் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லுவார். நானும் இங்கே மெசினக்கா என்றே சொல்லிவிடுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்து, மேலைத்தேய சங்கீத ஆசிரியையாகி, அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு நியமனம் பெற்று வந்தேன். மெசினக்கா வீட்டின் பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது. பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, முற்றத்தில் நெல்லுச் சாக்குகளை உதறிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் என்னை விசாரித்தார்.

"என்ன பாடம் ரீச்சர் படிப்பிக்கிறனீங்கள்?"

"மேலைத்தேய சங்கீதம்."

"அது கேட்டா மாடு கூடுதலாப் பால் கறக்குமோ?"

"கறக்காது ஐயா."

"அப்ப பரவாயில்லை. எங்களிட்ட மாடு இல்லை."

உள்ளேயிருந்து மெசின் ஓடும் சத்தம் ஒரு நொடி நின்றது. "அந்த மனுசன்ர கதையை எடுக்காதேங்கோ ரீச்சர், உள்ளுக்கு வாங்கோ" என்று ஒரு குரல் வந்தது. பிறகு மெசின் திரும்ப ஓடத் தொடங்கியது. அவர் எழுந்து வரவில்லை. கையில் இருக்கிற தையல் முடியாமல் எழும்புகிற வழக்கம் அவருக்கு இல்லை என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

வந்த சில வாரங்களில் ஒரு கலியாணம். கூறைச் சேலைக்கான சட்டையை எடுத்துக்கொண்டு போகக் கலியாணப் பொம்பிளையின் தாய் விடியற்காலையில் வந்து நிற்கிறார். வெளியே வான் நிற்கிறது. சட்டை முடிந்து, மடித்து, கடதாசிப் பையில் வைத்தாயிற்று. அதை நீட்டிய அக்கா, கை நீட்டிய மாதிரியே நின்றார். பிறகு பையைத் திரும்ப இழுத்து, சட்டையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்குளுக்குள் உள்தையலில் ஒரு சின்னச் சுருக்கம்.

"இருங்கோ. பிரிச்சுத் தைச்சுத் தாறன்."

"என்னக்கா, உள்ளுக்குத்தானே. ஆர் பாக்கப் போகினம்?"

"நான் கண்டிட்டன்."

"தாலி கட்டேக்க அவள் கையைத் தூக்கவே போறாள்?"

"கட்டினாப் பிறகு தூக்குவாள்தானே" என்றார் அக்கா. பாதியாய் உடைத்த சவர பிளேட்டை எடுத்து, தைத்த நூலை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். பொம்பிளையின் தாய் வானுக்கும் விறாந்தைக்குமாக நடந்தார். கலியாண வீட்டிலிருந்து கைபேசியில் அழைப்பு மேல் அழைப்பு வந்தது. அக்கா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. நல்லகாலம், முகூர்த்தம் தப்பவில்லை. அந்தத் தாய் பிறகு ஊரெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டு திரிந்தார். ஆனால் அடுத்த மகளின் கூறைச் சட்டையும் அக்காவிடம்தான் வந்தது.

"நான் கண்டிட்டன்." அவருடைய வாயில் அதிகம் வந்த வார்த்தை இதுதான். மற்றவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பிழை ஒன்றைத் தான் கண்டுவிட்டால் பிரிக்கவேண்டும். பிரித்து, தொடக்கத்திலிருந்து தைக்கவேண்டும். பாதியிலிருந்து ஒட்டுப்போட்டால் அந்த இடம் தடித்து நிற்கும் என்பார்.

அந்த மெசினைப் பற்றியும் சொல்லவேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போனபோது அதன் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரும்புக் கால்களைத் தூக்க வழியில்லை. திரும்பி வந்தபோது கால்கள் இருந்த இடத்தில் இல்லை. கிளிநொச்சியில் பழைய இரும்பு விற்கிற இடத்தில் வேறொரு மெசினின் கால்கள் கிடைத்தன. ஆக, தலை ஒன்று, கால் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பூட்டிய பலகைக்கும் காலுக்கும் ஒத்துவரவில்லை. மிதிக்கும்போதெல்லாம் கடக், கடக் என்று ஒரு சத்தம். எண்ணெய் போட்டும் போகவில்லை. "அது கதைக்கட்டும், நான் தைக்கிறன்" என்று விட்டுவிட்டார்.

அவருடைய ஒரே மகள் கலியாணம் முடித்து லண்டனுக்குப் போய்விட்டாள். அவள் பாடசாலைக்குப் போன நாட்களில் கனடாவில் இருக்கும் அக்காவின் தம்பி, பியானோ மாதிரி வாசிக்கிற ஒரு கீபோட் அனுப்பியிருந்தார். மகள் அதில் இரண்டு நாள் தட்டிப்பார்த்ததோடு சரி. அக்கா அதற்குப் பூப்போட்ட துணியில் ஒரு உறை தைத்து, அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். வெட்டி மிஞ்சிய துணித் துண்டைக்கூடத் தலையணை உறையாக்கிவிடுகிற மனுசி அவர். ஒரு சாமான் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் நான் பாடசாலை விட்டு வந்தபோது கீபோட் கீழே இறங்கியிருந்தது. அக்கா ஒரு விரலால் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

"ரீச்சர், இதில தொடக்கம் எங்க?"

அவருடைய பெருவிரலைப் பிடித்து நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டையில் வைத்தேன்.

"நடுவிலயோ தொடக்கம்?"

"ஓம் அக்கா. இதிலயிருந்து ரெண்டு பக்கமும் போகலாம்."

"அப்ப நடுத்தையல் போட்டிட்டு ரெண்டு பக்கமும் இறக்கிறது மாதிரி" என்றார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்று தொடங்கியது எங்கள் பாடம்.

ஐம்பத்தாறு வயதுக் கைக்குப் பியானோ படிப்பிப்பதைப் போல் பொறுமையைச் சோதிக்கிற வேலை வேறில்லை. நான் பொறுமைசாலியும் இல்லை. அவருடைய பத்து விரல்களும் ஊசிக்கு முன்னால் துணியைச் சேர்ந்து தள்ளிப் பழகியவை. ஒன்று அசைந்தால் மற்றவையும் அசையும். நாலாவது விரலைத் தனியே தூக்கச் சொன்னால் புருவம்தான் மேலே போகும். அது போதாதென்று கால். கீபோட்டை மேசையில் வைத்து அவரைக் கதிரையில் இருத்தினால், வலது கால் மேசைக்குக் கீழே வெறும் நிலத்தை மிதிக்கும். கால் மிதிக்காமல் கை ஓடாது. கையை நினைத்தால் கால் நிற்கும், கால் நின்றால் கையும் நின்றுவிடும்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அடுத்த வாரம் நான் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, அக்கா மெசினின் தலையைப் பலகைக்குள் மடித்து இறக்கிவிட்டு, பக்கப் பலகையையும் விரித்து, அதன்மேல் கீபோட்டை வைத்திருந்தார். சில்லின் பட்டியைக் கழற்றிவிட்டிருந்தார். காலை மிதியில் வைத்து மிதித்தார். சில்லு வெறுமனே சுற்றியது. கடக், கடக், கடக். கை அதன்மேல் ஓடத் தொடங்கியது.

மன்னாரில் எனக்குப் படிப்பித்த சிஸ்டர் இதைக் கண்டிருந்தால் சிலுவை போட்டுக்கொண்டிருப்பார். எனக்கோ சிரிப்பை அடக்கமுடியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டபோது தாளம் பிசகாமல் நின்றது. என் பாடசாலைப் பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட அப்படி நின்றதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று முதல் வெட்டும் தையலும் முடிந்த பின்னேரங்களில் மெசின் பியானோவாகிவிடும்.

ஏன் இந்த வயதில் இவ்வளவு பாடுபடுகிறார் என்று ஒருமுறை கேட்டேன். சும்மா கிடக்கிற சாமான் என்று சொல்லித் தப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்.

"ரீச்சர், நான் தைக்கிறதெல்லாம் மற்றச் சனம் போட்டுக்கொண்டு போயிடுது. வீட்டில ஒண்டும் மிஞ்சுறேல்லை. இது நான் தைச்சு நானே போடுறது."

நான் போய்ப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துவந்தேன்.

கடைசியில் பெரிய தடை விரலும் இல்லை, காலும் இல்லை. அந்த "நான் கண்டிட்டன்"தான். பயிற்சிப் புத்தகத்தில் மூன்றடித் தாளத்தில் போகும் ஒரு மெட்டு இருந்தது. மூன்று பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்கவேண்டும். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்று பகுதியையும் தனித்தனியாக அழகாக வாசிப்பார். முழுவதாக வாசிக்கச் சொன்னால் முடியாது. எங்காவது ஒரு கட்டை பிசகும். உடனே மிதி நிற்கும். கைகள் மடிக்கு வரும். பிறகு முதல் கட்டையிலிருந்து தொடங்குவார். முடிவுக்கு இரண்டு கட்டை இருக்கும்போது பிசகினாலும் முதலிலிருந்துதான்.

"அக்கா, இது சட்டை இல்லை. பிழைச்சா விட்டிட்டுப் போங்கோ. பாட்டு நிக்கக்கூடாது."

"எப்பிடி ரீச்சர் விடுறது? பிழை அதிலயே கிடக்குமே."

"கிடக்காது. அது போயிடும். அடுத்த சத்தம் வந்தவுடனை ஆக்கள் மறந்திடுவினம்."

"ஆக்கள் மறப்பினம். நான் கண்டிட்டனே" என்பார். மிதி திரும்பத் தொடங்கும்.

நாடு காசில்லாமல் திண்டாடிய மின்வெட்டுக் காலம் வந்தது; பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள்கணக்கில் வரிசை. நாளுக்கு எத்தனையோ மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அக்கா அதற்காகப் பாடத்தை நிறுத்தவில்லை. சத்தம் இல்லாத கீபோட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். கேட்பதற்கு வெறும் கடக், கடக் மட்டும். நான் என் அறையில் இருந்து அப்பியாசக் கொப்பிகள் திருத்துவேன். திடீரென்று கடக் சத்தம் நின்றுவிடும். பிழை விட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். சத்தமே வராத கட்டையில் பிழை விட்டு, சத்தமே வராத மெட்டை முதலிலிருந்து தொடங்குகிற ஒரு மனுசியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் வெளியே வந்தேன்.

"அக்கா, கரண்டே இல்லை. இதுக்கும் பிரிக்கிறதோ?"

"விரலுக்குத் தெரியுது ரீச்சர்" என்றார், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அந்த ஆண்டு மாதர் சங்கத்தின் விழா வந்தது. சங்கத் தலைவி வேறு யாருமல்ல, அக்காவின் கணவரின் மூத்த சகோதரி, அக்காவுக்கு மச்சாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வகை. வயதுபோன காலத்தில் மெசினில் ஏறி இருந்துகொண்டு பாட்டுப் படிக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தவர் அவர்தான். ஒருநாள் விறாந்தையில் வந்து இருந்து, மிதியையும் கீபோட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எப்ப பாத்தாலும் தொடங்குறாய். ஒருநாளாவது முடிப்பியோ? முடிப்பாய் எண்டால் விழாவில ஒரு நிகழ்ச்சி போடுறன். ஏலாதெண்டால் இப்பவே சொல்லு, கும்மி ஒண்டு வைப்பம்."

மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அக்கா தைத்துக்கொண்டிருந்த பாவாடையின் கரையை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போடுங்கோ மச்சாள்."

மச்சாள் போனபிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "ரீச்சர், எத்தினை தரம்தான் பிரிக்கிறது? துணியெண்டால் இவ்வளவுக்கு நைஞ்சு போயிருக்கும். இந்தமுறை நிக்காமல் முடிவுமட்டும் போகேலாமல் விட்டால் உறையைப் போட்டு அலுமாரிக்கு மேல வைச்சிடுவன். இனித் தொடமாட்டன். மகளுக்கும் சொல்லிப்போட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். விழா வரையுள்ள நாட்களில் ஒருமுறைகூட அவர் நிற்காமல் முடித்ததை நான் கேட்கவில்லை.

விழாவன்று மத்தியானம் மெசின் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏறியது. வயலுக்கென்று வைத்திருந்த டீசலில் அக்காவின் கணவர் அதை ஸ்ராட் பண்ணினார். பின்பெட்டியில் மெசினைக் கயிற்றால் கட்டி, அதன் ஒருபக்கம் அக்காவும் மறுபக்கம் கீபோட்டோடு நானும் இருந்தோம். மண்டபத்தில் மெசினை இறக்கியபோது பெண்கள் எல்லாரும் தையல் வகுப்பு நடக்கப்போகிறது என்றே நினைத்தார்கள். ஒருவர் வந்து ஊசிகூடக் கேட்டார்.

ஐந்து மணிக்கு மின்சாரம் போகும் என்று அட்டவணை சொன்னது. அதற்கு முன் எல்லாம் முடியும்படி மூன்று மணிக்கே விழாவை வைத்திருந்தார்கள். ஆனால் பிரதம விருந்தினர் இல்லாமல் விளக்கு ஏற்றமுடியுமா? அவர் கிளிநொச்சியில் பெற்றோல் வரிசையில் நின்றார். விளக்கு, திரி, நெருப்புப்பெட்டி எல்லாம் தயாராக இருந்தும் ஒருவரும் கைவைக்கவில்லை. அவர் வந்து சேர நாலு மணி தாண்டிவிட்டது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை. ஒன்றையும் குறைக்கமுடியாது, குறைத்தால் கோபம் வரும். அக்காவின் நிகழ்ச்சி கடைசிக்குத் தள்ளப்பட்டது. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்துப்போயிற்று. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார்.

கடைசியாக மச்சாள் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இப்ப எங்கட மெசினக்கா மெசினில ஒரு பாட்டுத் தைச்சுக் காட்டுவா" என்றார். மண்டபம் சிரித்தது. அக்காவும் கொஞ்சம் சிரித்தார். போய் உட்கார்ந்தார். மிதியில் காலை வைத்தார். நான் பக்கம் புரட்டுவதற்காகப் பக்கத்தில் நின்றேன்.

கடக், கடக், கடக். மெட்டு தொடங்கியது. முதல் பகுதி ஒரு தடவை சுத்தமாக முடிந்தது. சிரித்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை தொடங்கி இரண்டு வரி போயிருக்கும். மின்விசிறிகள் சோர்ந்தன. ஒலிபெருக்கி ஒரு முனகலோடு அடங்கியது. கீபோட்டின் சின்ன விளக்கு அணைந்தது. அட்டவணை தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

மண்டபத்தில் ஒரே கதையும் சத்தமும். கதிரைகள் இழுபட்டன. பிரதம விருந்தினர் எழும்பினார். அக்கா எழும்பவில்லை. கால் நிற்கவில்லை. கைகள் ஊமையாய்ப்போன கட்டைகளில் போய்க்கொண்டிருந்தன. கடக், கடக், கடக்.

முன்வரிசையில் இருந்தவர்கள் முதலில் கவனித்தார்கள். பிறகு மச்சாள் திரும்பி, "கதையாதேங்கோ" என்று ஒரு சத்தம் போட்டார். அவர் சொன்னால் அந்த ஊரில் அடங்காதவர் இல்லை. மண்டபம் அடங்கியது. அத்தனை பேரும் ஒரு தையல் மெசினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைகுனிந்து பின்கதவால் வெளியே போனார். அவரிடம் ஒரு சின்ன ஜெனரேற்றர் இருந்தது, ஆனால் அதில் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போக வைத்திருந்ததை எடுத்து அதில் ஊற்றினார் என்றும், அன்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார் என்றும் மறுநாள் அறிந்தேன்.

எனக்கு அந்த மெட்டு அக்காவின் விரல்களில் கேட்டது. பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாம் பகுதி போயிற்று. மூன்றாம் பகுதி தொடங்கியது. அதன் நடுவில், இடது கையின் சின்ன விரல் போகவேண்டிய கட்டைக்குப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. நான் கண்டேன். அக்காவின் புருவம் சுருங்கியது, அவரும் கண்டார். இப்போது மிதி நிற்கும், கைகள் மடிக்கு வரும், கீபோட் அலுமாரிக்கு மேல் போய்விடும்.

கடக். கடக். கடக்.

மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேற்றர் இரண்டுமுறை இருமிப் பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கி உயிர்பெற்ற இரைச்சல் கேட்டதும் நான் கை நீட்டிக் கீபோட்டின் மின்விசையை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. மெட்டு நடுவிலிருந்து எழும்பியது, சரியான இடத்தில், சரியான அடியில். பின்வரிசையில் யாரோ ஒருவர் "அம்மாடி" என்றார். அக்கா மூன்றாம் பகுதியை இரண்டாம் தடவையும் வாசித்து, கடைசிக் கட்டையை அழுத்தி, சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். தையல் முடிந்தால் செய்கிற மாதிரியே.

கை தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். மச்சாள் பிரதம விருந்தினருக்குப் போட்ட பொன்னாடையை அவர் மடியிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டு வந்து அக்காவுக்குப் போர்த்தினார். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அக்கா பொன்னாடையின் கரையைப் புரட்டி உட்தையலைப் பார்த்ததை நான் மட்டும் கண்டேன்.

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் பெரிய மேடைகளில் வாசித்திருக்கிறார்கள், பரிசும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் நினைத்தும் சந்தோசம்தான். ஆனால் நீ படிப்பித்து நீ பெருமைப்பட்ட ஆள் யார் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கிறதே இல்லை.

திரும்பும்போது மெசினைப் பின்பெட்டியில் திரும்பவும் கட்டினோம். லாண்ட்மாஸ்டர் குலுங்கிக் குலுங்கி வாய்க்கால் கரையால் போயிற்று. அக்கா பொன்னாடையை மடித்து மெசினின்மேல் வைத்திருந்தார், ஒரு கை அதன்மேல் இருந்தது.

"மூண்டாம் பகுதியில இடக்கை பிழைச்சது" என்றார்.

"கண்டனான் அக்கா."

"அந்த நேரம் கரண்ட் இல்லை. திருப்பித் தொடங்கியிருந்தாலும் அங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"தெரிஞ்சிராது."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மெசின் சாயாமல் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம்.

"நானும் கண்டிட்டன் ரீச்சர்" என்றார். "கண்டும் பிரிக்கேல்லை."

மற்றத் தாய்மார் மகள் சோதனையில் பாஸ் என்று சொல்லும்போது வருகிற குரலில் அதைச் சொன்னார். முன்னால் லாண்ட்மாஸ்டர் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

"என்னத்தைப் பிரிக்கேல்லை?"

"ஒண்டுமில்லை" என்றார் அக்கா. "நீங்கள் ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."